ஒரு தொட்டிச் செடிக்கு எவ்வளவு எரிபொருள்?

அலங்காரச் செடியை யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை. தக்காளிக்காக ஒரு பசுமைக்குடிலைச் சூடாக்கினால் அதை உணவு உற்பத்தி என்று உலகம் ஏற்றுக்கொள்கிறது. அதே கொதிகலன் பிகோனியாவுக்காக எரிந்தால், "பூவுக்காகவா இத்தனை எரிபொருள்?" என்று கேட்கிறது. நியாயமான கேள்விதான். பசுமைக்குடிலுக்குள் பூச்செடிகளோடு நாட்களைக் கழிக்கும் எனக்கு அந்தக் கேள்வி ஒருபோதும் அவமதிப்பாகப் பட்டதில்லை. பூ மனித வாழ்க்கைக்குத் தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அதை மலர வைக்க எரிக்கும் ஒவ்வொரு கன மீட்டர் எரிவாயுவுக்கும் வளர்ப்பவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பதிலும் சந்தேகம் கிடையாது.

எந்தக் கணக்கு என்பதில்தான் சிக்கல். மாதம் முடிந்ததும் வரும் எரிபொருள் கட்டணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது ஒரு வகை. குடிலின் தரைப்பரப்பால் வகுத்துப் பார்ப்பது இன்னொரு வகை. இரண்டுமே உண்மையை அரைகுறையாகத்தான் காட்டும். விற்பனைக்குத் தயாராகி வெளியே போகும் ஒரு செடிக்கு, அது விதையாகவோ தண்டுத் துண்டாகவோ உள்ளே வந்த நாள் முதல் எவ்வளவு ஆற்றல் செலவானது? இந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், சிக்கனம் என்று நாம் நம்பும் சில வழக்கங்கள் உண்மையில் வீண்செலவாக இருப்பது தெரியவரும்.

ரோஜாவை வைத்து நடந்த ஓர் ஒப்பீட்டிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் 2007-இல் பிரிட்டிஷ் சந்தைக்கு வரும் கொய்மலர் ரோஜாக்களின் கார்பன் கணக்கைப் போட்டது. கென்யாவில் வளர்ந்து விமானத்தில் வந்த 12,000 ரோஜாக்களுக்குச் சுமார் 2,200 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நெதர்லாந்தின் பசுமைக்குடிலில் வளர்ந்த அதே எண்ணிக்கை ரோஜாக்களுக்குச் சுமார் 35,000 கிலோ. விமானப் பயணத்தையும் சேர்த்துத்தான் கென்யாவின் கணக்கு. குளிர்காலக் கண்ணாடிக் கூரையின் கீழ் மூட்டப்படும் வெப்பமும் ஏற்றப்படும் விளக்குகளும் ஒரு சரக்கு விமானத்தையே சிறியதாக்கிவிடுகின்றன. எல்லாப் பூவையும் விமானத்தில் ஏற்றிவிடலாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பூமத்திய ரேகைக்கு அருகே இருக்கும் நீர்நிலைகளுக்கும் அதில் ஒரு விலை உண்டு. ஆனால் வெப்பம் எவ்வளவு பெரிய செலவு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எண்கள் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதே கென்யாவில், நைவாஷா ஏரிப் பக்கத்தில், புவிவெப்பக் கிணற்றிலிருந்து வரும் சூட்டைக் கொண்டு இரவில் ரோஜாக் குடில்களின் ஈரத்தைக் குறைக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

எரிபொருளை நம்பி நிற்கும் குடில் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த்தில் ஜோசப் பாக்ஸ்டன் 1836 முதல் 1840 வரை கட்டியெழுப்பிய மாபெரும் கண்ணாடி மாளிகையை 8 கொதிகலன்கள் சூடாக்கின. வெப்பமண்டலச் செடிகள் அங்கே செழித்தன. முதல் உலகப் போர் வந்தது, நிலக்கரிக்குத் தட்டுப்பாடு வந்தது, செடிகள் மடிந்தன. 1920-இல் மாளிகையையே இடித்துவிட்டார்கள். நூறாண்டு கழித்து, 2022-இல் உக்ரைன் போரையொட்டி ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியபோது நெதர்லாந்தின் பூ வளர்ப்பாளர்கள் சிலர் தங்கள் குடில்களைக் குளிர்காலம் முழுவதும் காலியாகப் போட்டார்கள். தொழில்நுட்பம் எவ்வளவோ மாறியிருந்தும் பலவீனம் அதே இடத்தில்தான் இருந்தது.

வெப்பம் எப்படி வெளியேறுகிறது என்பது எளிய பெருக்கல். கூரையும் சுவரும் சேர்ந்த மொத்தப் பரப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, மூடுபொருள் வெப்பத்தைக் கடத்தும் அளவு இவை மூன்றையும் பெருக்கினால் போதும். ஒற்றைக் கண்ணாடி சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, ஏறத்தாழ 6 வாட் வெப்பத்தை விட்டுவிடும். ஆயிரம் சதுர மீட்டர் தரைப்பரப்புள்ள குடிலுக்கு மேலும் பக்கவாட்டிலும் 1,300 சதுர மீட்டர் கண்ணாடி இருப்பதாகக் கொள்வோம். வெளியே 3 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்றால் 117 கிலோவாட் வீதம் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 1,400 கிலோவாட் மணிக்கும் சற்று மேல். அதாவது சுமார் 140 கன மீட்டர் எரிவாயு, ஒரே ஓர் இரவுக்கு. பலமான காற்று வீசினால் இன்னும் கூடும். இந்தப் பெருக்கலை ஒருமுறை தன் குடிலுக்குப் போட்டுப் பார்த்தவர் புதிய கொதிகலன் வாங்குவதற்கு முன்னால் கதவு இடுக்குகளையும் சரியாக மூடாத கூரை ஜன்னல்களையும் பார்க்கப் போய்விடுவார்.

அடுத்தது திரை. இரவில் செடிகளுக்கு மேலே, கூரைக்குக் கீழே விரியும் வெப்பத்திரை ஒன்றே இரவு வெப்ப இழப்பில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குமேல் மிச்சப்படுத்தும். இருக்கும் குடிலில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. திரை வாங்கிய எல்லாரும் அதன் முழுப் பலனையும் பெறுவதில்லை என்பதுதான் வருத்தம். விடிந்ததும் திரையைத் திறந்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சூரியன் எழுந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வரும் மங்கலான ஒளியால் நடக்கும் ஒளிச்சேர்க்கை மிகக் குறைவு. அதே நேரத்தில் வெளியே இரவின் உச்சக் குளிர். அந்தக் கொஞ்சம் ஒளிக்காக ஒரு பெரும் வெப்பத்தைத் திறந்துவிடுகிறோம். போதாக்குறைக்கு, திரைக்கு மேலே தேங்கியிருந்த குளிர்காற்று மொத்தமாகச் செடிகளின் மேல் இறங்குகிறது. வெளியே ஒளி ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்வரை காத்திருந்து, பிறகு திரையை மெதுவாக, சில அங்குலம் சில அங்குலமாகத் திறப்பதே முறை. ஆந்தூரியம், பெரணி போன்ற நிழல்விரும்பிகளுக்கு இன்னும் தாமதமாகவே திறக்கலாம்.

திரையை மூடிவைக்கப் பயப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு: ஈரப்பதம். இலையிலும் இதழிலும் நீர் படிந்து நின்றால் சாம்பல் பூஞ்சணம் வந்துவிடும்; பூச்செடிக்கு அது வந்தால் விற்பனை முடிந்தது. ஆகவே பழைய வழக்கப்படி சூடான நீர்க்குழாய்களை ஓடவிட்டபடியே கூரை ஜன்னலையும் திறந்து வைப்பார்கள். ஒரு கையால் எரித்து மறு கையால் வெளியே கொட்டுவது என்றால் இதுதான். "செடி சுறுசுறுப்பாக இருக்கக் குழாய் எப்போதும் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும்" என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்துகொண்டது. ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். இரவில் குழாயைச் சூடாக்கினால் அந்த வெப்பம் இலையிலிருந்து இன்னும் அதிக நீரை ஆவியாக்குகிறது. அந்த ஆவியை வெளியேற்ற இன்னும் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கிறது. பிரச்சினையை நாமே உற்பத்தி செய்து நாமே தீர்க்கிறோம்.

நெதர்லாந்தில் வளர்ப்பாளர்களும் வாகெனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து இந்த வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேள்விக்குட்படுத்தினார்கள். அங்கே "ஹெட் நியூவ டேலன்" என்று அழைக்கப்படும் வளர்ப்பு முறையின் அடிப்படை எளிதானது: திரையை அதிக நேரம் மூடிவை, காற்றை மின்விசிறியால் மெதுவாகக் கலக்கு, ஈரத்தை வெளியேற்ற வேண்டுமானால் திரையில் இடைவெளி விடாதே, திரைக்கு மேலுள்ள கூரை ஜன்னலைச் சற்றே திற. காற்று ஊடுருவும் திரையாக இருந்தால் ஈரம் நூலிழைகளின் ஊடாகவே மேலே போய்விடும். கீழே குளிர்காற்று கொட்டாது. ஈரம் மிகுந்த காலங்களில் வெளியிலிருந்து குளிர்ந்த, நீர் குறைந்த காற்றைச் சிறிய அளவில் உள்ளிழுத்து, அதைச் சூடாக்கிப் பரப்புவதும் உண்டு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இலையின் வெப்பநிலையைப் பற்றியது. தெளிந்த வானமுள்ள இரவில், திரை இல்லாத குடிலில், மேல் இலைகள் குளிர்ந்த கண்ணாடியை நோக்கித் தம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழக்கின்றன. காற்று 17 டிகிரி காட்டும்போதே இலை அதைவிடக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த பரப்பில்தான் பனி இறங்கும். திரை மூடியிருந்தால் இலை திரையைப் பார்க்கிறது, கண்ணாடியைப் பார்ப்பதில்லை. இலையும் காற்றும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. அதாவது, பூஞ்சணத்துக்குப் பயந்து திரையைத் திறந்தவர் பூஞ்சணத்துக்கே வழிசெய்து கொடுத்திருக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, நள்ளிரவில் இலையின் மேல் நீட்டிப் பார்க்கும்படி யாரைச் சந்தித்தாலும் சொல்கிறேன். காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக் குடிலை நடத்தியவர்களுக்கு அது வேறோர் உலகத்தைக் காட்டும்.

எரிபொருளே இல்லாமல் குளிர்காலத்தைக் கடத்தும் குடில்களும் இருக்கின்றன. வட சீனத்தில் பரவலாகக் கட்டப்படும் சூரியக் குடிலுக்கு வடக்குப் பக்கம் தடித்த மண் அல்லது செங்கல் சுவர். தெற்குப் பக்கம் மட்டும் சாய்வான பிளாஸ்டிக் கூரை. பகலில் சுவர் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்கிறது. மாலையில் வைக்கோல் பாயையோ கனத்த மெத்தை விரிப்பையோ கூரைமேல் உருட்டிவிடுகிறார்கள். இரவில் சுவர் வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. வெளியே நிலம் உறைந்திருக்க உள்ளே வெள்ளரி காய்க்கிறது. பெரும்பாலும் காய்கறிக்கான கட்டமைப்புதான் இது. ஆனால் தொட்டிச் செடிகளின் தாய்ச்செடிகளை வைக்கவும் குளிர்தாங்கிப் பூச்செடிகளை முடித்தெடுக்கவும் இதைவிடக் கண்ணியமான கட்டடம் கிடையாது. வடக்கிலிருந்து வரும் ஒளியையும் நம்பும் பெரிய கண்ணாடிக் குடில்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு முழுப் பக்கத்தையே ஒளிபுகாத சுவராக்கத் தோன்றுவதில்லை. பூமியின் வடபாதியில், அட்சரேகை உயர உயர, குளிர்காலத்தில் கண்ணாடியாலான வடக்குச் சுவர் ஒளியை விட வெப்பத்தைத்தான் அதிகம் கடத்துகிறது.

இனி, தொடக்கத்தில் சொன்ன செடிக்கணக்குக்கு வருகிறேன். குளிர்காலத்தில் செலவைக் குறைக்க எல்லாரும் முதலில் கைவைப்பது வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில்தான். 20 டிகிரியை 14 டிகிரியாக்கினால் அன்றைய எரிபொருள் குறைகிறது; அதில் சந்தேகம் இல்லை. ஆனால் செடி மெதுவாக வளர்கிறது. எத்தனை நாள் கூடுதலாக உள்ளே இருக்கும்? அதைப் பொறுத்துத்தான் நாம் சேமித்தோமா இழந்தோமா என்பது முடிவாகும்.

ஒவ்வொரு செடிக்கும் ஓர் அடிப்படை வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலே, உகந்த அளவை எட்டும்வரை, வளர்ச்சி வேகம் ஏறத்தாழ நேர்க்கோட்டில் ஏறும். மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பூச்செடி ஆய்வுகள் இந்த அடிப்படையில் செடிகளை வகைப்படுத்தியிருக்கின்றன: பான்சி, ஸ்நாப்டிராகன் போன்றவற்றின் அடிப்படை வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்கும் கீழ்; நித்தியகல்யாணி, பிகோனியா போன்ற குளிர்தாங்காச் செடிகளுக்கு 8 டிகிரியும் அதற்கு மேலும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியே சராசரி 5 டிகிரி. முதல் செடியின் அடிப்படை வெப்பநிலை 4 டிகிரி. பூக்க அதற்கு 800 பாகை-நாள் (அடிப்படைக்கு மேலுள்ள டிகிரியை நாட்களால் பெருக்கிய அளவு) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் வளர்த்தால் 50 நாள். 14 டிகிரியில் வளர்த்தால் 80 நாள். வெப்பச் செலவை உள்–வெளி வேறுபாட்டோடு நாட்களைப் பெருக்கி அளக்கலாம். 20 டிகிரியில் 15 பெருக்கல் 50, அதாவது 750. 14 டிகிரியில் 9 பெருக்கல் 80, அதாவது 720. வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனாலும் குளிரில் வளர்ப்பதே இலாபம். இப்போது இரண்டாவது செடி. அடிப்படை 10 டிகிரி. 500 பாகை-நாள் வேண்டும். 20 டிகிரியில் 50 நாள், செலவு 750. 14 டிகிரியில் 125 நாள், செலவு 1,125. வெப்பநிலையைக் குறைத்ததால் ஒன்றரை மடங்கு எரிபொருள் செலவாகியிருக்கிறது! மேசையையும் 75 நாள் கூடுதலாக அந்தச் செடி பிடித்துக்கொண்டது. அதற்கான நீரும் வேலையும் தனி.

இந்தப் பெருக்கலுக்குள் ஓர் அழகான விதி ஒளிந்திருக்கிறது. வெளியிலுள்ள சராசரி வெப்பநிலை செடியின் அடிப்படை வெப்பநிலையை விட அதிகமானால், குடிலைக் குளிர்வாக வைப்பது செடிக்கணக்கில் சேமிப்பு. குறைவானால், உகந்த அளவு வரை சூடாக வைத்து விரைவில் வெளியே அனுப்புவதே சேமிப்பு. இரண்டும் சமமாக இருந்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான். பகல் வெயில் இலவசமாகத் தரும் வெப்பம், ஒளி குறைந்த நாட்களில் சூட்டில் செடி மெலிந்து நீளும் அபாயம் ஆகியவை இந்த விதியை அங்குமிங்கும் அசைக்கும். ஆனாலும் இதன் சாரம் நிற்கிறது: குளிர்தாங்கிச் செடியையும் குளிர்தாங்காச் செடியையும் ஒரே குடிலில், நடுவாக ஒரு வெப்பநிலையில் வைப்பதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. முதலாவதுக்கு வீணாக எரிக்கிறோம். இரண்டாவதை வீணாக நிறுத்திவைக்கிறோம். இடம் இரண்டே தடுப்பாக இருந்தாலும் பிரித்து வையுங்கள். இந்தக் கணக்கைத் தங்கள் இடத்தின் தட்பவெப்பத்தோடு போட்டுப்பார்க்க விரும்புவோருக்காக அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் உருவாக்கிய வர்ச்சுவல் குரோவர் என்ற மென்பொருளும் இருக்கிறது.

நாற்றுப் பருவத்திலும் இதே கணக்கு இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது. குழித்தட்டில் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாற்றுகள் நிற்கும். தொட்டிக்கு மாற்றி இடைவெளி விட்டபின் அதே பரப்பில் முப்பதோ நாற்பதோதான். ஆக, ஒரு சதுர மீட்டரைச் சூடாக்கும் செலவு நாற்றுப் பருவத்தில் ஆயிரம் செடிகளுக்குப் பங்காகிறது. கையிலுள்ள வெப்பத்தையும் விளக்கையும் அங்கேதான் தாராளமாகச் செலவிட வேண்டும். தட்டின் அடியில் வெந்நீர்க் குழாய் ஓடவிட்டு வேர்ப்பகுதியை 21, 22 டிகிரியில் வைத்தால், மேலே காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தாலும் தண்டுத் துண்டுகள் வேர்விடுகின்றன. நன்கு தேறிய, சற்றே பெரிய நாற்றாகத் தொட்டிக்கு மாற்றினால் விலையுயர்ந்த பரந்த இடத்தில் அது கழிக்கும் வாரங்கள் குறைகின்றன. செடிக்கணக்கில் இதைவிடப் பெரிய இலாபம் தரும் இடத்தை நான் இன்னும் காணவில்லை. ஆனாலும் நாற்றுக்குச் செலவைக் குறைத்து முதிர்ந்த செடிக்குச் செலவழிப்பவர்களே அதிகம்.

தினமும் ஒரே வெப்பநிலையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலான செடிகள் இரவு பகல் சேர்ந்த சராசரிக்கே வளர்ச்சி வேகத்தை ஒத்திசைக்கின்றன. வெயில் காயும் பகலில் ஜன்னலை அவசரமாகத் திறக்காமல் 25, 26 டிகிரி வரை ஏறவிட்டு, அன்றிரவு அதற்கேற்ப இறக்கிக்கொள்ளலாம். காற்று பலமாக வீசும் குளிரிரவில் இறக்கி, அமைதியான இரவில் ஏற்றலாம். வாரச் சராசரி சரியாக இருந்தால் செடி புகார் சொல்லாது.

அலங்காரச் செடிக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே குறுக்கிடுகிறது: உயரம். வாங்குபவருக்குக் கச்சிதமான செடி வேண்டும். அதற்காக டாமினோசைடு, பேக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி ஒடுக்கிகளைத் தெளிக்கிறார்கள். 1980-களில் மிஷிகனில் ராயல் ஹெய்ன்ஸும் அவருடைய குழுவினரும் லில்லியில் செய்த ஆய்வுகள் வேறொரு வழியைக் காட்டின. தண்டு நீள்வது பகல் வெப்பநிலைக்கும் இரவு வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. இரவை விடப் பகல் குளிராக இருந்தால் செடி குட்டையாக நிற்கும். மருந்து இல்லாமல் உயரத்தைக் கட்டுப்படுத்த அருமையான வழி. ஆனால் இரவைச் சூடாக வைப்பது எரிபொருளுக்கு நேர் எதிர் அல்லவா?

நல்லவேளையாக, தண்டு நீள்வதில் விடியலை ஒட்டிய முதல் சில மணி நேரமே மிகவும் கூருணர்வு கொண்டது. அந்த இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் வெப்பநிலையைச் சில டிகிரி தாழ்த்தினால் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. கொதிகலனை அதிகாலையில் அணைத்துவிட்டால் போதும். குடில் தானாகவே குளிரும். மருந்தும் மிச்சம், எரிபொருளும் மிச்சம். குளிர்பிரதேசங்களில்தான் இது நன்றாகச் செல்லும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெளியே விடியலிலேயே 20 டிகிரிக்கு மேல் இருந்தால் இறக்க இடமில்லை. அங்கே செடிகளைத் தினமும் சில முறை மெல்ல வருடிவிடுவது, பாஸ்பரஸ் ஊட்டத்தை அளவோடு நிறுத்துவது, நீரைச் சற்றே குறைத்து வளர்ப்பது ஆகியவை உதவும். நகரும் கம்பியில் தொங்கும் மென்மையான விரிப்பு செடிகளின் நுனியைத் தடவிக்கொண்டே போகும். காற்றில் ஆடும் செடி உறுதியாவதைப் போலவே அவையும் குட்டையாகி உறுதிப்படும். சாம்பல் பூஞ்சணம் தெரிகிற மேசையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்; நோயையும் சேர்த்தே பரப்பிவிடும்.

விளக்கைப் பற்றிப் பேசினால் எல்லாரும் வளர்ச்சி விளக்கைத்தான் நினைக்கிறார்கள். பூச்செடிக்குப் பகல்நீள விளக்கு அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் 1920-இல் வெளியிட்ட ஆய்வு, செடிகள் பகலின் நீளத்தை அறிந்து பூக்கின்றன என்பதை நிறுவியது. செவ்வந்தியும் பாயின்செட்டியாவும் நீண்ட இரவுக்குப் பூப்பவை. பெட்டூனியா நீண்ட பகலுக்குப் பூப்பது. நள்ளிரவை ஒட்டி நான்கு மணி நேரம் மங்கலான ஒளி காட்டினால் செடி அதைக் குறுகிய இரவாக எடுத்துக்கொள்கிறது. ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான ஒளியில் இது மிகச் சிறிய பகுதிதான். விட்டுவிட்டு எரிந்தாலும், அதாவது அரை மணிக்கு ஐந்தாறு நிமிடம் எரிந்தாலும், செவ்வந்தி ஏமாந்துவிடுகிறது. இந்த அற்ப மின்சாரத்தைச் செலவிட்டு ஒரு பெட்டூனியாத் தொகுதியை முன்கூட்டியே பூக்கவைத்தால், அத்தனை நாட்களின் கொதிகலன் செலவும் மிச்சமாகிறது. எதிர்த்திசையிலும் இதே நியாயம்தான்: பாயின்செட்டியாவை இயற்கையாக இரவு நீளும் பருவத்துக்கே திட்டமிட்டால் இரவை நீட்டிக்காட்டும் கறுப்புத் துணியும் வேண்டாம், அதை மூடித் திறக்கும் மோட்டாரும் வேண்டாம்.

வளர்ச்சி விளக்கு கட்டாயம் என்றால் எல்இடிதான். சோடியம் விளக்கு ஒரு ஜூல் மின்சாரத்துக்குச் சுமார் 1.7 மைக்ரோமோல் ஒளி தந்தது. நல்ல எல்இடி 3-க்கு மேல் தருகிறது. ஆனால் சோடியம் விளக்கு இலையைச் சூடேற்றவும் செய்தது. அதைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியவர்கள் செடி தாமதமாவதைக் கண்டு திகைப்பார்கள். காற்றின் வெப்பநிலை மாறவில்லை, நுனிமொட்டின் வெப்பநிலை இறங்கியிருக்கிறது. இதற்கெல்லாம் முன்பு கண்ணாடியைக் கழுவுங்கள். ஒளியைச் சிதறடிக்கும் மூடுபொருளையும் யோசியுங்கள்: வாகெனிங்கனில் ஆந்தூரியத்தில் செய்த ஆய்வுகளில், ஒளி சிதறிவந்தபோது இலை கருகாமல் வழக்கத்தைவிட அதிக ஒளியில் வளர்க்க முடிந்தது, செடியும் விரைவாக வளர்ந்தது. நிழலுக்காகப் பூசி வீணாக்கிய ஒளியைத் திரும்பப் பெறுவது இது.

வெப்பமான நாடுகளில் கதை தலைகீழ். அங்கே செலவு குளிர்விப்பதில். ஈரத்தட்டியும் வெளியேற்றும் விசிறியும் சேர்ந்த அமைப்பு காற்றை அதிகபட்சம் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) வரைதான் இறக்கும். வெளியே 35 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அந்த எல்லை 22 டிகிரி அருகே, நல்ல பலன். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் எல்லையே 32 டிகிரி. கடலோரத்தில் ஈரத்தட்டிக்குப் பணம் செலவழிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே உயரமான கூரை, உச்சியில் திறப்பு, பக்கவாட்டில் தாராளமான வலை, கூரைக்கு வெளியே நிழல்வலை. நிழல்வலை உள்ளே இருந்தால் வெப்பம் ஏற்கெனவே குடிலுக்குள் வந்துவிட்டது. வெளியே இருந்தால் வாசலிலேயே நிற்கிறது. விசிறி இருக்கும் இடங்களில் வேகக் கட்டுப்பாடு பொருத்துங்கள்: விசிறியின் மின்தேவை வேகத்தின் மூன்றாம் அடுக்கில் மாறுகிறது, பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்குதான் வேண்டும். நான்கு விசிறியில் இரண்டை நிறுத்துவதைவிட நான்கையும் மெதுவாக ஓட்டுவது மிகவும் மலிவு. நிறைய இலைகளோடு நன்கு நீர் குடிக்கும் செடிக்கூட்டமே ஒரு குளிர்விப்பான் என்பதையும் மறக்க வேண்டாம். காலியான மேசைகள் உள்ள குடில் எப்போதும் அதிகம் கொதிக்கும்.

வளர்ப்பு ஊடகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீட் பாசியை வெட்டியெடுக்கச் சதுப்பு நிலத்தை வடித்தால், பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த கார்பன் காற்றோடு போகிறது. தென்னை நார்க்கழிவும் மர நாரும் மக்கிய பட்டையும் மாற்றாக இருக்கின்றன. உப்பு நீக்கிய நார்க்கழிவா என்று பார்த்து வாங்குங்கள். நீரை மேசைக்குக் கீழிருந்து ஏற்றி வடித்து மறுபடி பயன்படுத்தினால் உரமும் மிச்சம், இலையும் நனையாது. வெள்ளை ஈக்கு எதிராக 1920-களிலேயே இங்கிலாந்தில் பயன்பாட்டுக்கு வந்த என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவி இன்றும் பாயின்செட்டியாவில் நன்றாக வேலை செய்கிறது. குடிலை மிகவும் குளிர்வாக வைத்தால் அந்தக் குளவி சோர்ந்துவிடும் என்பதையும் வெப்பநிலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் சில செடிகள் இந்த முறைகளுக்கு எளிதில் வளைவதில்லை. ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் அவற்றில் முதன்மையானது. 28 டிகிரி அருகே வைத்தால் அது பூந்தண்டு விடாமல் இலை வளர்க்கும். இலைப் பருவம் மாதக்கணக்கில் நீளும். பிறகு பூந்தண்டு வர 25 டிகிரிக்குக் கீழே பல வாரங்கள் குளிர்வாக வைக்க வேண்டும். குளிர்நாட்டில் முதல் பாதிக்கு எரிபொருள், வெப்பநாட்டில் இரண்டாம் பாதிக்குக் குளிர்சாதனம். இரட்டைத் திரையும் வெப்ப இறைப்பானும் கோடை வெப்பத்தை நிலத்தடி நீரில் தேக்கிவைக்கும் அமைப்பும் இருந்தால் செலவு கணிசமாகக் குறையும். ஆனாலும் செடிக்கணக்கில் ஒரு பான்சியோடு அதை ஒப்பிடவே முடியாது. இலைப் பருவத்தை வெப்பமான தாழ்நிலத்திலும் பூப்பருவத்தை அருகிலுள்ள குளிர்ந்த மலையிலும் வைத்து வளர்ப்பவர்கள் உண்டு. லாரியில் ஏற்றிப் போகும் செலவு பெரும்பாலும் குளிர்சாதனச் செலவை விடக் குறைவு. மலையும் சமவெளியும் அருகருகே இல்லாதவர்கள் ஆர்க்கிடின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்த மேசைகளில் ஒரு பாதியையாவது ஆண்டின் குளிர்ந்த மாதங்களில் பான்சிக்கும் பிரிமுலாவுக்கும் சைக்ளமனுக்கும் கொடுக்கலாம். அடுத்த பருவத்துக்கு விதையும் நாற்றும் கேட்டு எழுதும் முன், ஒவ்வொரு பயிரின் பெயருக்குப் பக்கத்தில் அதன் அடிப்படை வெப்பநிலையையும் அது குடிலில் நிற்கப்போகும் மாதங்களின் வெளிச் சராசரியையும் எழுதிப் பாருங்கள். எந்தப் பயிரை எந்த மாதத்தில் உள்ளே விடலாம் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.